அவர் கேட்காத ஐந்தாவது ஏன்

பாடத் தெரியாமல் பாடுகிறவர்களால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் மடமடவென்று பதில் சொல்கிறவர்களால்தான் குடி கெடும். நான் இரண்டாவது ரகம். (முதல் ரகமும் நீதான் என்பான் என் தம்பி.)

அப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு வேதவாக்கு உண்டு. பாகத்தில் கீறல் விழுந்தால் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். வந்த பதிலுக்கும் ஏன். இப்படி ஐந்து தடவை. ஐந்தாவது பதிலில்தான் நிஜக் காரணம் இருக்குமாம். மூன்று வருடத்தில் அது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. தூக்கத்தில் எழுப்பி ‘ஏன்?’ என்றாலும் ஐந்து பதில் சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் படுப்பேன்.

ஷிப்ட் பஸ்ஸில் என் பாட்டைக் கேட்டும் இறங்கி ஓடாத நாலு பேர், டிவி பாட்டுப் போட்டிக்குப் போகச் சொன்னார்கள். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் தேர்வு. பிள்ளைப்பாக்கத்திலிருந்து அப்பாதான் பைக்கில் கூட்டிப் போனார். நெஞ்சில் நம்பரை ஒட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்றேன். அவர் என் தண்ணீர் பாட்டிலோடு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்.

டிவியில் பார்க்கும் நடுவர்கள் எடுத்தவுடன் வந்துவிட மாட்டார்கள். முதல் அறையில் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே பாட்டைக் கேட்டார். இரண்டாவது அறையில் ஒரு அம்மா, பல்லவி முடியும் முன்பே “வேற பாட்டு” என்றார். நடுவில் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து, ஆளே இல்லாத மேடையைப் பார்த்துக் கைதட்டச் சொல்லிப் படம் பிடித்தார்கள். நான் உருகிப்போய் அழவும் செய்தேன். (அவர்கள் கேட்டது கைதட்டல் மட்டும். கண்ணீர் என் சொந்த முயற்சி.)

மூன்றாவது அறையில் பாட்டே கிடையாது. கேமராவும் ஒரு தாடிக்காரரும் இருந்தார்கள்.

“உங்க கதை என்ன சிஸ்டர்?”

“கதைலாம் ஒண்ணும் இல்ல சார்.”

அவர் முகம் வாடிவிட்டது. “சரி, முறையா பாட்டு கத்துக்கலையே, ஏன்?”

“எட்டாவதோட கிளாஸை வுட்டுட்டேன்.”

“ஏன்?”

“கூட்டிகினு போக ஆள் இல்ல.”

“ஏன்?”

“அப்பாவால வர முடியல.”

“ஏன்?”

“அப்போ கொஞ்ச நாள் குடிச்சிகினு இருந்தாரு.”

தாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்தாவது ஏனை அவர் கேட்கவில்லை. பழக்கதோஷம், நானே சொன்னேன். “நெலம் கம்பெனிக்குப் போய்ட்ச்சி சார். பயிர் வெக்கறத வுட்டா அவருக்கு வேற வேலை தெரியாது. அப்புறம் அவரே நிறுத்திட்டாரு. இன்னிக்கும் அவருதான் கூட்டிகினு வந்தாரு, வெளிய நிக்கிறாரு.”

“சூப்பர் சிஸ்டர்” என்றார்.

கடைசியில் நடுவர்கள் முன்னாலும் பாடினேன். பயிற்சி போதாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தம் வீடு போய்ச் சேர்வதற்குள் ஆறிவிட்டது.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா டிவியைத் தூக்கி வாசலில் வைத்தார். வாடகை நாற்காலி போட்டுத் தெருவையே உட்காரவைத்தார். வல்லக்கோட்டை முருகனுக்கு என் பேரில் அர்ச்சனை செய்து வந்த சர்க்கரைப் பொங்கலை அவர் கையாலேயே எல்லாருக்கும் கொடுத்தார்.

என் பாட்டு ஒரு வரி வந்தது. பிறகு சோக வயலின். “அப்பாவால வர முடியல… குடிச்சிகினு இருந்தாரு” என்றேன். ‘கொஞ்ச நாள்’ போயிருந்தது. நிலம் போயிருந்தது. வெயிலில் நின்றவரும் போயிருந்தார். காலி மேடைக்கு நான் விட்ட கண்ணீரை எடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள். அதோடு விளம்பரம்.

அப்பா எழுந்து, ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே காலி நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்.

“அப்பா, நான் மீதியும் சொன்னேன்பா.”

“வுடும்மா. நல்லா பாடிக்கீற” என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் இது பெரிய ஜோக். யாராவது துருவித் துருவிக் கேட்டால் தம்பி, “நாலோட நிறுத்து, டிவில போட்ருவாங்கோ” என்பான். எல்லாரும் சிரிப்போம். அப்பாவும் சிரிப்பார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, கல்யாணமோ காதுகுத்தோ, யாரிடம் பேசினாலும் அப்பா ஓரடி கிட்டே போய், தன் மூச்சு எதிராளி முகத்தில் படும்படி நின்றுதான் பேசுகிறார். ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை.