எழுபது சதவீத ஈரம்

ஒரு காட்டில் மழை நின்றுபோயிற்று. கதையில் பாதி இவ்வளவுதான். மீதிப் பாதிக்கு ஒரு தவளை வேண்டும்.

அதன் பெயர் நீலமேகம். அடைமழையில் பிறந்ததென்று அப்பன் வைத்த பெயர். பெயரில் மேகம் இருந்து என்ன, குளத்தில் தண்ணீர் இல்லை.

குளம் சுண்டத் தொடங்கியதும் மற்றத் தவளைகள் யோசிக்கவில்லை. சேறு ஈரமாக இருக்கும்போதே தோண்டி, புதைந்து, தூங்கிவிட்டன. மழை வந்தால் எழுந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. நீலமேகம் மட்டும் சட்டப்படி நடக்கலாம் என்று நினைத்தது. மேலே மலைச்சுனையில் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு ஓரத்தில் இடம் கேட்டு, நீர்நிலை ஒதுக்கீட்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றது.

பதினோரு நாள் நின்றது.

அலுவலகம் என்பது ஒரு காய்ந்த மரம். அதிகாரி ஓர் ஓணான். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டும். சரி என்கிறது என்று நினைத்தால் அது நினைத்தவன் தப்பு. ஓணான் சும்மா இருந்தாலும் ஆட்டும்.

"ஏழாம் நம்பர் படிவம்," என்றது ஓணான். "மூணு வருஷம் தண்ணியில குடியிருந்ததுக்குச் சான்று இருக்கா?"

"பொறந்ததுல இருந்து குளத்துலதான் இருக்கேன் சார்."

"குளம் எங்க?"

"வத்திப்போச்சு."

"அப்போ வத்தினதுக்கு ஒரு சான்று வேணும். குளத்துப் பொறுப்பாளர்ட்ட கையெழுத்து வாங்கிட்டு வாரும்."

"பொறுப்பாளர் வெரால் மீன் சார். செத்துப்போனாரு."

"இறப்புச் சான்று?"

"கொக்கு தின்னுட்டு சார்."

"அப்போ கொக்குகிட்ட எழுதி வாங்கிட்டு வாரும்." ஓணான் தலையை ஆட்டியது. "அடுத்தாளு!"

கொக்கிடம் போய்க் கையெழுத்துக் கேட்கிற தவளை எந்தக் காட்டிலும் இல்லை. நீலமேகம் குளத்துக்குத் திரும்பியது. சேறு கல்லாகியிருந்தது. தோண்டிப் பார்த்தது. விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அடியிலிருந்து சித்தப்பனின் குறட்டை மட்டும் நிம்மதியாகக் கேட்டது.

தவளை தோலால் மூச்சு விடும். தோல் காய்ந்தால் ஆள் காலி. கணக்குப் போட்டால் நீலமேகத்துக்கு இன்னும் ஒரு பகல் இருந்தது.

அந்தப் பகலில்தான் அது தனுஷ்கோடியின் வீட்டு வழியாகப் போனது.

தனுஷ்கோடி ஒரு காட்டுப்பன்றி. பெரிய காண்ட்ராக்டர். காட்டில் பள்ளம் தோண்டுகிற டெண்டரும் அதற்குத்தான், தோண்டிய பள்ளத்தை மூடுகிற டெண்டரும் அதற்குத்தான். அதன் மச்சான் கப்பலில் வேலை பார்த்தது. எங்கெங்கோ போய்விட்டு ஒரு மரப்பெட்டி அனுப்பியிருந்தது. உள்ளே இருபது சுருட்டு. நிகரகுவா என்ற தேசத்துச் சரக்கு. எரிமலை மண்ணில் விளைந்த புகையிலையாம். இலையைக் கட்டி வைத்து ஐந்து வருஷம் பழுக்க விட்டுச் சுற்றியதாம். ஒவ்வொரு சுருட்டுக்கும் இடுப்பில் தங்க நிறப் பட்டை. பெட்டிக்குக் கண்ணாடி மூடி. மூலையில் ஈரம் காட்டுகிற ஒரு முள். அடியில் ஒரு பஞ்சு.

மச்சான் கடிதமும் வைத்திருந்தது. 'முள் எழுபதில் நிற்கவேண்டும். இறங்கினால் இலை வெடித்துவிடும். பஞ்சுக்குத் தினம் ஒரு குவளை தண்ணீர் விடவும்.'

தவளைக்குச் சுனைத் தண்ணீர் கிடையாது. சுருட்டுக்கு உண்டு. அந்தப் படிவத்தை ஓணான் ஒரே நாளில் முடித்துக் கொடுத்திருந்தது.

கண்ணாடி உள்பக்கம் வியர்த்திருந்தது. நீலமேகம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. தனுஷ்கோடி மூடியைத் திறந்து ஒரு சுருட்டை எடுத்துக் கொம்புப் பல்லில் வைத்தது. அவ்வளவுதான். நீலமேகம் ஒரே தாவலில் பஞ்சின் மேல் இருந்தது.

"ஏலே! எவன்லே அது?"

பஞ்சு குளிர்ந்து கிடந்தது. இனி அடித்தாலும் அதைவிட்டு இறங்க நீலமேகத்தால் முடியாது. வாயைத் திறந்தது. என்ன சொல்லப்போகிறோம் என்று அதற்கே தெரியாது.

"அண்ணாச்சி, அதப் பத்த வைக்காதிய."

"ஏன்?"

"இன்னும் பதமாகல."

பன்றி சுருட்டை இறக்கியது. அதற்கு ஒரு ரகசியம் இருந்தது. கிழங்கும் கிழங்கோடு வருகிற மண்ணும் அதன் வாய்க்கு ஒன்றுதான். இது வெளியே தெரிந்தால் மரியாதை போய்விடும். அதனால் சந்தேகத்தை அதட்டலாக மாற்றிக் கேட்டது.

"ஒனக்கு எப்பிடிலே தெரியும்?"

நீலமேகம் நாக்கை நீட்டிச் சுருட்டின் மேல் இலையைத் தொட்டது. கசப்பு மண்டை வரைக்கும் ஏறியது. நாலு காலும் நாலு பக்கம் போகப் பார்த்தன. போகவிடாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது.

"மேல் இலை பேசுது. உள் இலை இன்னும் வாயத் தொறக்கல."

பன்றி சுருட்டைக் காதில் வைத்துக் கேட்டது. "ஆமா," என்றது. "பேசலதான். எப்பம் பேசும்?"

"ஒரு வருஷம் ஆவும். ஆனா கூடவே ஒரு ஆளு இருந்து பாத்துக்கிடணும். முள்ளு எழுபதுல நிக்கணும்லா?"

"நீ இருப்பியா?"

நீலமேகம் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி இருந்தது.

"ஒங்களுக்காக இருக்கேன்."

இப்படியாக அது பெட்டிக்குள் குடிபோனது. காலையில் ஒரு குவளை தண்ணீர். புகையிலைக்கு வருகிற சின்னப் பூச்சி சாப்பாட்டுக்கு. முதல் வாரம் புகையிலை வாடையில் தலை சுற்றியது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது.

வருஷம் முடிந்து பன்றி மூடியைத் திறந்தது. நீலமேகம் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, "உள் இலை பேசுது. ஆனா நடுவுல ஒரு கசப்பு நிக்கி. அது எறங்கணும்," என்றது.

"நானும் அதான் நெனச்சேன்," என்றது பன்றி.

அடுத்த வருஷம் கசப்பு இறங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு இனிப்பு வரவேண்டியிருந்தது. அது பாதி வழியில் இருந்தது.

பன்றியின் பெயர் பரவியது. காட்டில் புகைக்கிறவர்கள் பலர் உண்டு. கையில் வைத்துக்கொண்டு புகைக்காமல் இருப்பது தனுஷ்கோடி மட்டும்தான். பார்க்க வருகிறவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார்கள். "பதமாயிட்டா?" "ஆகல." பெரிய ஆள்தான் என்று போய்விடுவார்கள். ஒருவருக்கும் அதில் தவறு தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் தலைவர் வருவதாகச் செய்தி வந்தது. தலைவர் என்றால் புலி. கூட ஒரு கூட்டம். நீலமேகம் கண்ணாடி வழியே தலைகளை எண்ணியது. புலி, கரடி, காட்டெருமை, கேளையாடு என்று வந்து, கடைசியில் ஆடி அசைந்து ஓர் ஆமை. மொத்தம் இருபது. சுருட்டும் இருபது. சாயங்காலம் பெட்டி காலி. காலிப் பெட்டிக்கு எவன் தண்ணீர் ஊற்றுவான்?

"தலைவரே," என்றது நீலமேகம், "இன்னும் ஒரே ஒரு வருஷம்…"

"மூணு வருஷமா இதத்தான் சொல்லுதியாம்," என்றது புலி. "எனக்குப் பாதிப் பல்லு போயாச்சு. மிச்சமும் போறதுக்குள்ள குடிச்சுப் பாக்கணும். பத்த வை."

பன்றி தவளையைப் பார்த்தது. தவளை முள்ளைப் பார்த்தது. முள் எழுபதில் நின்றது. அப்போதுதான் அதற்கு அந்தக் காய்ந்த மரம் ஞாபகம் வந்தது.

"பத்த வைப்போம். ஆனா முறைப்படி," என்றது. "மொதல்ல ஒண்ணே ஒண்ணு. ஆளுக்கு ரெண்டு இழுப்பு. என்ன ருசி தெரிஞ்சுதுன்னு ஒவ்வொருத்தரும் படிவத்துல எழுதித் தரணும். எழுதினாத்தான் அடுத்த சுருட்டு."

தேக்கிலையில் படிவம் தயாரானது. முதல் இழுப்பில் என்ன தெரிந்தது, இரண்டாவதில் என்ன தெரிந்தது, புகை போனபின் நாக்கில் எது நின்றது. 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுத இடம் விடவில்லை. தப்பாக எழுதி மானம் போக யாருக்கும் துணிவு வராது, வரிசை நகராது, பத்தொன்பது சுருட்டு மிஞ்சும். பதினோரு நாள் நின்ற தவளைக்குத் தெரியாதா, ஒரு படிவம் எதையெல்லாம் நிறுத்தும் என்று.

இருவாட்சி தன் பெரிய அலகால் சுருட்டின் முனையைச் சுத்தமாக நறுக்கியது. நெருப்புக்குக் குறைவில்லை. பக்கத்து மலை ஒரு வாரமாக எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு கொள்ளி வந்தது.

"தீயி இலையத் தொடக் கூடாது. பக்கத்துல காட்டினாப் போதும்," என்றது நீலமேகம். "சாம்பலத் தட்டாதிய. அது பாட்டுக்கு வளரட்டும். முக்கியமா, புகைய உள்ள இழுக்காதிய. வாயில வச்சு உருட்டி வெளிய விட்டுருங்க."

கரடி உள்ளே இழுத்துவிட்டது. பிறகு ஒரு பாறைக்குப் பின்னால் போனது. கொஞ்ச நேரம் அங்கிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

புலி இழுத்தது. கண்ணை மூடியது. இரண்டாவது முறை இழுத்தது. ஆடிக்கொண்டிருந்த வால் நின்றது.

"மண்ணு," என்றது. "நனைஞ்ச மண்ணு."

நனைந்த மண்ணை யாரும் முகர்ந்து மூன்று வருஷமாகிறது. காட்டெருமை இழுத்துப் பார்த்துவிட்டு, "பாசி," என்றது. கேளையாடு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "அல்லித் தண்டு," என்று அழுதேவிட்டது. படிவங்கள் மளமளவென்று நிரம்பின. சிலர் பின்பக்கமும் எழுதினார்கள். ஒருத்தர் கூடுதல் இலை கேட்டார்.

நீலமேகத்தின் கணக்குத் தப்பிப்போனது. உலகத்தில் முதன்முறையாக ஒரு படிவம் வேகமாக வேலை செய்கிறது, அதுவும் தன் தலையில்தான் விடியவேண்டுமா? பன்றி அதற்குள் அடுத்த சுருட்டை எடுக்கக் கையை விட்டிருந்தது.

அப்போது ஆமையின் முறை வந்தது. நிதானமாக இழுத்தது. நிதானமாக விட்டது. மூக்கைச் சுளித்தது.

"இது நிகரகுவா இல்ல," என்றது. "இது நம்ம நீலமேகம்."

"என்னவே சொல்லுதீரு?" என்றது புலி.

"குளத்துல இவன் எனக்குப் பக்கத்து வீடு தலைவரே. இந்த நாத்தம் எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா பொட்டிக்குள்ள உக்காந்து, தோலுல உள்ள வழுவழுப்ப எல்லாம் இலையில ஏத்தி வச்சிருக்கான்."

"அப்போ நாங்க இவ்வளவு நேரம் ருசிச்சது?"

"தவள."

பாறைக்குப் பின்னால் கரடி மறுபடி ஆரம்பித்தது.

தனுஷ்கோடியின் மூஞ்சி தொங்கிப்போனது. நீலமேகம் பஞ்சோடு பஞ்சாக ஒட்டிக்கொண்டது. தூக்கி வெளியே போட்டால் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

புலி ஆமையைப் பார்த்தது. பிறகு தன் படிவத்தைப் பார்த்தது. அதில் 'நனைந்த மண்' என்று இருந்தது. கீழே அதன் நகக்குறி. அதை எட்டிப் பார்த்துத்தான் பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய நகக்குறிகளும் இருந்தன. சாம்பல் இரண்டு விரல்கடை நீளத்துக்கு விழாமல் நின்றது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமையை யாரும் பார்க்கவில்லை.

"ஆமை," என்றது புலி, "ஒம் மூக்கு இன்னும் பதமாகல. ஒரு வருஷம் கழிச்சு வாரும்."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். பன்றி மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னது. ஆமையிடம் ஏழாம் நம்பர் படிவம் கொடுக்கப்பட்டது. மூக்குக்கு எந்தப் படிவம் என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் இருந்தது அதுதான்.

நீலமேகத்துக்கு உயிர் திரும்பியது. திரும்பியதும் வாயும் திரும்பியது.

"தலைவரே, இந்த ருசி இன்னும் பத்தொம்பது சுருட்டுலதான் இருக்கு. பத்த வச்சா புகையாப் போயிரும். அப்புறம் நனைஞ்ச மண்ணுக்கு எங்க போவிய?"

புலி யோசித்தது. இனி இதில் ஒன்றையும் எவனும் பற்றவைக்கக் கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறக்கவேண்டும். எல்லாரும் வரிசையில் வந்து முகர்ந்துவிட்டுப் போகவேண்டும். பஞ்சுக்கு இனி தினம் இரண்டு குவளை. நீலமேகத்துக்குத் தலைமைச் சுவைஞர் என்று ஒரு பதவி. பெட்டியிலேயே குடியிருப்பு.

அடுத்த வருஷம் மழை வந்தது.

சாதாரண மழையில்லை. மறுபடி எரியத் தொடங்கியிருந்த பக்கத்து மலை அணைந்தது. குளம் ஒரே நாளில் நிறைந்து வழிந்தது. சேற்றுக்கடியிலிருந்து ஒவ்வொரு தவளையாக எழுந்து வந்து கத்தத் தொடங்கியது. சித்தப்பன் பன்றி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

"ஏலே நீலமேகம்! குளம் ரொம்பிட்டுலே! எந்திரிச்சு வாலே வெளிய!"

அதன் பின்னாலேயே ஓணான் தொப்பலாக நனைந்து வந்தது. கையில் ஒரு தாள்.

"ஒம்ம மனு பாஸாயிட்டு. இடம் ஒதுக்கியாச்சு. கொக்கு கையெழுத்துப் போட்டுட்டு."

நீலமேகம் மூடியை ஒரு விரல் அளவு தூக்கியது. முள் தொண்ணூற்றைந்துக்குத் தாவியது. நாக்கை வெளியே நீட்டி ஒரே ஒரு மழைத்துளியைப் பிடித்தது. வாயில் வைத்து உருட்டியது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தது.

"இளந்தண்ணி," என்றது. "ஒரு வருஷம் போகட்டும்."

மூடியைச் சாத்திக்கொண்டது.

ஓணான் தலையை ஆட்டியது.

நீதி: குடியிருக்க இடம் வேண்டுமென்றால் மனு எழுதாதே, விமர்சனம் எழுது.