ஏழாம் நம்பர் ஷெட்

"கையெழுத்துப் போட மாட்டேனுங்ணா" என்று பேனாவை மூடினான் கிருபாசங்கர்.

பழைய காவலாளி திருமூர்த்தி பதிவேட்டை மறுபடி அவன் பக்கம் தள்ளினார். அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை பெருந்துறையில் மகள் கீதாவுக்குக் கல்யாணம். பல்லடம் சாலையில் ராணுவம் விட்டுப்போன இந்தக் கிடங்கின் காவலைப் புது ஆளிடம் ஒப்படைத்தால்தான் அவர் பஸ் ஏற முடியும்.

"எல்லாத்தையும் எண்ணிப் பாத்தாச்சல்ல கண்ணு?"

"ஏழாம் நம்பர் ஷெட்டுக்குள்ள என்ன இருக்குதுங்ணா?"

"பூட்டியிருக்குது. எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாத சாமானுக்கு நான் எப்படிங்ணா பொறுப்பேத்துக்கறது?"

ராணுவம் போய்ச் சில நாள் கழித்து, 1977இல் காவலுக்கு வந்த போலீஸ்தான் பதிவேட்டில் முதலில் எழுதியது: 'ஷெட் 7: பூட்டியுள்ளது. சாவி பெறப்படவில்லை.' பிறகு வந்த தனியார் கம்பெனி ஆட்களும் பதினேழு வருஷமாக அதே வரியைப் பார்த்தெழுதினார்கள். திருமூர்த்தியும்தான்.

மோர்க்காரி ராசாத்தாள் தலையிலிருந்த மோர்ப்போசியை இறக்கினாள். "கண்ணாலத்துக்கு இன்னும் பொறப்படலீங்களா?"

"நீ பேசாம மோர ஊத்துக்கா."

மத்தியானம் திருமூர்த்தி உக்கடத்திலிருந்து பூட்டுக்காரர் மயில்சாமியைக் கூட்டி வந்தார். மயில்சாமி கதவில் ஓங்கித் தட்டினார். உள்ளே ஏதோ சரிந்து 'ணங்' என்றது.

"மிலிட்டரி எடம்... குண்டா இருக்குமுங்களா?"

பதிலுக்குக் காத்திராமல், சைக்கிளையும் மறந்து ஓடினார்.

கிருபாசங்கர் கடமை தவறாதவன். உடனே தலைமை ஆபீசுக்குப் போன் போட்டான். "மெட்ராஸ்லருந்து வெடிகுண்டு நிபுணர் புதன்கிழமை வர்றாராமுங்ணா. அதுவரைக்கும் பழைய ஆளு நகரப்படாதாம்."

"புதன்கிழமையா? என்ர புள்ளைக்கு ஞாயித்துக்கிழமை முகூர்த்தம்டா!"

சனிக்கிழமை காலை திருமூர்த்தி கடப்பாரையோடு ஷெட் முன்னால் நின்றார். வெடித்தால் வெடிக்கட்டும். கிருபாசங்கர் ஐம்பதடி தள்ளி வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றபடி, "விதியில எடமில்லீங்ணா!" என்று கத்தினான்.

கடப்பாரையை ஓங்கினார்.

"அட, ஒடச்சுப்போடாதீங்க!" ராசாத்தாள் மோர்ப்போசியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பூட்டில் திருகினாள். திறந்துகொண்டது.

உள்ளே ஒட்டடைக்கு நடுவே ஒரு செப்பு அண்டா, பக்கத்தில் சரிந்து கிடந்த நான்கு பித்தளைக் குண்டா.

கிருபாசங்கர் மரத்தை விட்டு வந்து, இரண்டு தடவை எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்டான்.

திருமூர்த்தி பையைத் தோளில் மாட்டினார். "நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கென்னக்கா?"

ராசாத்தாள் அண்டாவை முந்தானையால் துடைத்தாள்.

"பாகம் பிரிக்கறப்ப கொழுந்தன் கண்ணுல படக்கூடாதுன்னு மிலிட்டரி காலி பண்ணிட்டுப் போன ஷெட்டுல ரெண்டே நாளைக்குத்தானுங்க வெச்சுப் பூட்டுனேன், மூணாம் நாளே சர்க்காரு துப்பாக்கியோட காவலுக்கு ஆளனுப்புனா, வேண்டாம்னா சொல்ல முடியுமுங்க?"