வாசல் பலகையில் நான்கு வரி

காக்களூர்,
வியாழன், பிற்பகல்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அலுவலக நண்பர்களும் நலம்தானே? மரியாதைக்காகக் கேட்கவில்லை. இன்று காலையிலிருந்து எவருடைய உடல்நலத்தை நினைத்தாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சென்ற வாரம் 'உலகச் சுகாதாரமும் மேடை நேர்மையும்' என்று ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன். தடுப்பூசி பற்றி உலக மேடைகளில் பேசியவர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருந்தேனே, அதுதான். பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறவர்களுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று வேறு எழுதியிருந்தேன். தயவுசெய்து அதை அச்சிட வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் பாட்டில் மூடிக் கம்பெனியின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. தினம் அதில் நான்கு வரி எழுதுவது என் பொறுப்பு. கட்டுரை எழுதிய சூட்டில் திங்களன்று, "எல்லோருக்கும் தடுப்பூசி என்று பணக்கார நாடுகள் சொன்னது ஏமாற்று வேலை. நம்பியவர்கள் ஏமாந்தார்கள்" என்று எழுதினேன், அதற்கே பலகை நிரம்பிவிட்டது, ஏழை நாடுகளை வரிசையின் கடைசியில் நிற்க வைத்ததைத்தான் சொல்கிறேன், ஊசியைக் குறை சொல்லவில்லை, நம் ஊரில் இலவசமாகக் கிடைப்பதைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் செவ்வாய்க்கு என்று 'தொடரும்' போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை, இன்று வந்து பார்த்தால் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. வாட்ச்மேன் தாவீது அண்ணன் பெருமையாகச் சொன்னார்: "அழிஞ்சிடப் போவுதுன்னு நாந்தாம்மா டெய்லி சாக்பீஸ்ல மேலயே எழுதிக்கினு இருந்தேன். அந்தத் 'தொடரும்' மட்டும் சீரியல் மாரி இருந்துச்சா, தொடச்சிட்டேன்."

அதற்குள் பேக்கிங் பிரிவு லோகு வந்துவிட்டார். "சூப்பர் மேடம். பாப்பாக்கு ஒம்போது மாசம் ஆவுது, நேத்து தட்டம்மை ஊசிக்கு நர்ஸம்மா கூப்ட்டாங்க. மேடமே ஏமாத்து வேலைன்னு எழுதிக்கிறாங்க, வோணாம்னு ஏஞ்சல் கைல கண்டிசனா சொல்ட்டேன்."

"ஐயோ லோகு, நான் ஊசியச் சொல்லலப்பா, அவங்க பேச்சச் சொன்னேன்!"

"இன்னா மேடம், மாத்திப் பேசறீங்க? யாராவது மெரட்னாங்களா?"

அவர் மனைவி ஏஞ்சலுக்குப் பதினோரு முறை போன் செய்துவிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பாரில்லை. அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த மேடையில் போய் மன்னிப்புக் கேட்பேன்? ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்ட நான், எனக்கு அந்த இரண்டைக்கூடப் போட மாட்டேன்.

தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வாசகர்கள் வீட்டுப் பிள்ளைகளும் எல்லா ஊசியும் போட்டு நோய்நொடியின்றி நூறாண்டு வாழட்டும்.

கலக்கத்துடன்,
அருணா

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ஏஞ்சல் கூப்பிட்டாள். "நேத்தே போட்டாச்சு மேடம். அந்தாளு சொன்னார்னு உட்டுருவனா? போர்டப் பாத்துக்கினா புள்ள வளப்பாங்க?" என்று சிரிக்கிறாள். எனக்கு உயிர் வந்தது. எனவே கட்டுரையைத் தாராளமாக அச்சிடலாம். இடம் போதாவிட்டால் குற்றச்சாட்டை இந்த மாதமும் விளக்கத்தை அடுத்த மாதமும் போட்டுக்கொள்ளுங்கள்.