ஏலக்காய் ஸ்டோரில் இறங்கிய சக்கர நாற்காலி

படித்தவர்கள் அசட்டுத்தனம் செய்தால் முன்கூட்டியே திட்ட அறிக்கை எழுதிவிட்டுத்தான் செய்வார்கள். ஆய்வு மாணவியான நானும் நாற்பது பக்கம் எழுதினேன், ஏலக்காய்த் தொழிலில் மாற்றுத்திறனாளிகள் என்று, கடைசியில் இருபது கேள்விகளோடு.

முருகேஸ்வரி அக்கா போடியில் ஏலக்காய் தரம் பிரிப்பவர். மாற்றுத்திறனாளிகள் சங்கச் செயலாளர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அலுவலகங்களை ஆட்டிவைப்பவர். "எங்களப் பத்தி எங்களக் கேக்காமலே கேள்வி எழுதியிருக்க. ஒங்க பேராசிரியர்ட்ட நானே பேசணும்" என்றார். கலந்தாய்வு வைத்தேன்.

எங்கே? குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவில். (வெளியூரிலிருந்து வரும் பேராசிரியருக்குக் குளுகுளுவென்று இருக்க வேண்டாமா?)

அக்கா ஜீப்பின் முன்சீட்டில். நாற்காலியை மேலே உர மூட்டைகளோடு கட்டியிருந்தோம். மலை ஜீப்புக்காரர்களுக்கு மேலே கட்டியதெல்லாம் லோடு. லோடெல்லாம் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் இறங்கிவிடும். வழியில் ஜீப்பு நின்றது.

"ஏத்தா, என்னமோ எறக்குறாக. பாரு."

"உர மூட்டைக்கா" என்றேன், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

பங்களாவில் பார்த்தால் நாற்காலி இல்லை. "மேல கட்டுனா லோடுதானம்மா? எறக்கிட்டுக் கையெழுத்தே வாங்கிட்டேன்" என்றார் டிரைவர். நாற்காலி இருந்திருந்தாலும் பயனில்லை. பங்களா வாசலில் ஒன்பது படிகள். அதையும் அப்போதுதான் பார்த்தேன்.

"நாலு பேரு தூக்கிருவோம்க்கா."

(கேட்காமல் யாரையும் தூக்கக்கூடாது என்று பத்தொன்பதாம் பக்கத்தில் எழுதிய அதே நான்தான்.)

"நான் என்ன மூட்டையா? உள்ள இருக்குறவுகள வெரசா இங்க வரச்சொல்லு."

"மழை தூறுதுக்கா."

"எனக்கு ஜீப்புல கூரை இருக்கு."

பேராசிரியர் உட்பட ஐந்து பேர் தூறலில் ஜீப்பைச் சுற்றி நின்றோம். கால்களில் அட்டைகள் ஏறின. அக்கா என் கேள்வித்தாளை நிதானமாக வாசித்தார்.

"'உங்கள் குறைபாட்டால் வேலையில் என்ன சிரமம்?' இத அடி. வேல பாக்குற எடத்துல எத்தன படி, கக்கூஸ் எம்புட்டுத் தூரம்னு கேளு."

இருபது கேள்விகளில் மூன்று பிழைத்தன. எனக்கு அவமானத்தில் காது சூடேறியது.

"அருமைம்மா! கட்டுரையில உங்களுக்கு நன்றி சொல்லிடலாம்" என்றார் பேராசிரியர்.

"நன்றி வேணாம் சார். எழுதுனவங்க எடத்துல பேரப் போடுங்க."

அவர் யோசித்தார். அட்டை யோசிக்கவில்லை. "சரிம்மா, சரி!" என்று காலை உதறினார்.

கட்டுரையில் முதல் பெயர் அக்காவுடையது. என்னுடையது மூன்றாவது.

இன்றும் வீட்டில் விசேஷத்துக்கு வண்டி பேசும்போது என் கணவர் முந்திக்கொள்வார்: "இவகிட்ட விடாதீங்க, மாப்பிள்ளையக் கொண்டுபோயி ஸ்டோர்ல எறக்கிருவா!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான். ஆனால் மாப்பிள்ளையை எங்கே இறக்கினாலும் அவர் நடந்தே வந்துவிடுவார்.