இரண்டாவது பவர் சப்ளை

பச்சையாக எரிய வேண்டிய விளக்கு செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. சேர்வர் பெட்டியின் பின்னால் குந்தியிருந்து சுலோஜனா அதையே பார்த்தாள். கொழும்பிலிருந்து பரிசோதகர் வருகிற நாளில்தானா இது இப்படி எரிய வேண்டும்?

செட்டிபாளையம் கடல் எச்சரிக்கை நிலையத்தின் கணினி அறை அவளுடைய பொறுப்பு. சுனாமி வந்த காலையில் அந்தக் கரைக்கு ஒரு சொல் சொல்ல ஆளிருக்கவில்லை. கரைவலைக்காரருக்குச் சாப்பாடு கொண்டுபோன அவளுடைய அக்கா திரும்பி வரவில்லை. அதன் பிறகு யுத்தம் எதையும் வரவிடவில்லை. அது முடிந்த அடுத்த வருடம்தான் இந்தப் பெட்டியும், கூரைமேல் சொந்தப் பற்றரியோடு சைரனும் வந்து சேர்ந்தன. பரிசோதகர் இன்று சரியென்றால் கரையோரக் கிராமங்களின் சைரன்கள் எல்லாம் இந்தப் பெட்டியோடு இணையும். இல்லாவிட்டால் பெட்டியைக் கழற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோவார்கள்.

பரிசோதனை சின்னதுதான். பெட்டிக்கு இரண்டு பவர் சப்ளை. ஒன்றைப் பிடுங்கினாலும் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும், பெட்டி அணையக் கூடாது.

அந்த இரண்டில் ஒன்றை நிலைய அதிகாரி சுதாகரன் சித்திரையிலேயே கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டார். ஒன்று செய்கிற வேலைக்கு இரண்டு ஓடினால் மின்சாரம் சூடாகி வீண் போகிறது என்பது அவருடைய வாதம். வாதத்தில் பிழையில்லை. அலுமாரிக்குள் எறும்புகள் அதில் குடியேறியதுதான் பிழை. இன்று அதை எடுத்துச் செருகியதும் விளக்கு செம்மஞ்சளானது அதனால்தான்.

சுலோஜனா அதைக் கழற்றித் திறந்து, பெயின்ற் பிரஷால் எறும்பைத் தட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்து மறுபடி செருகினாள். விளக்கு பச்சையானது. அந்தச் சந்தோஷத்தில் சுதாகரன் தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலைப் போட்டார். ட்ரிப் சுவிச்சு விழுந்தது. அறை முழுக்க இருட்டு. பெட்டியும் அணைந்தது. சுவிச்சைத் தூக்கிவிட்ட பிறகுதான் அது மறுபடி ஓடியது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பவர் சப்ளை இரண்டுதான், ஆனால் இரண்டும் குடிப்பது ஒரே சுவரிலிருந்து. அந்தச் சுவர் போனால் இரண்டும் போகும். இரண்டாவதுக்கு வேறு வழியில் மின்சாரம் வேண்டும்.

காத்தான்குடியில் கலியாண வீடுகளுக்கு ஜெனரேட்டர் கொடுக்கிற முகைதீன்பாவாவுக்கு உடனே போன் எடுத்தாள். லொறியில் அனுப்புகிறேன், ஜெனரேட்டரை ஓட்டுகிற ஆள் பின்னால் வருவான் என்று அவர் சொன்னார். லொறியும் வந்தது. ஜெனரேட்டரை முருங்கைக்குக் கீழே இறக்கிவிட்டுப் போனது.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"நான் வந்து..."

"தெரியும் அண்ணன், உங்களத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறம். கெதியா இதப் பிடியுங்க" என்று வயர்ச் சுருளை அவர் கையில் திணித்தாள் சுலோஜனா.

அவர் வயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. ஆனால் அதன் மின்சாரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. விளக்கு பச்சை, செம்மஞ்சள், மறுபடி பச்சை என்று மாறி மாறி எரிந்தது. குளிரூட்டியையும் அதில் மாட்டினால் ஜெனரேட்டர் அமைதியாகும் என்றார் சுதாகரன். மாட்டியதும் அது இன்னும் தள்ளாடியது. சரி, குளிரூட்டியே வேண்டாமென்று நிறுத்தினார். அறை கொதித்தது. பெட்டிக்குள்ளிருந்த விசிறிகள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காத அளவுக்கு ஊளையிட்டன. அவள் குளிரூட்டியைச் சுவருக்கே திரும்ப மாற்றினாள்.

அப்போதுதான் சுதாகரனின் மேசைக்குக் கீழே அவள் கண் போனது. அங்கே ஒரு யூ.பி.எஸ். பற்றரி, கரண்ட் போனாலும் அணையாதபடி அவருடைய கணினியை மட்டும் காத்துக்கொண்டிருந்தது. அவர் தட்டெழுதிக்கொண்டிருந்த அறிக்கை போனது போனதுதான். யூ.பி.எஸ்ஸைப் பிடுங்கி ஜெனரேட்டருக்கும் இரண்டாவது பவர் சப்ளைக்கும் நடுவில் வைத்தாள். ஜெனரேட்டரின் ஆட்டத்தையெல்லாம் யூ.பி.எஸ். வாங்கிக்கொண்டது. விளக்கு பச்சையானது. பச்சையாகவே நின்றது.

நாலு மணிக்குச் சைரன் ஊதும், பயப்பட வேண்டாம் என்று கோயில் ஒலிபெருக்கியில் காலையிலேயே சொல்லியாயிற்று. நேரம் நெருங்கியும் பரிசோதகரைக் காணவில்லை. சுதாகரன் றோட்டுக்குப் பார்க்கப் போனார். அவர் போன கையோடு ஊருக்கே கரண்ட் போனது.

முதல் பவர் சப்ளையின் விளக்கு அணைந்தது. இரண்டாவது பச்சையாக எரிந்தது. பெட்டி ஓடியது.

சுலோஜனா கைதட்டப் போனாள். வெளியே ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. டீசல் முடிந்துவிட்டது. யூ.பி.எஸ். கூவத் தொடங்கியது.

"அண்ணன், டீசல்! கலன் மதிலடியில கிடக்கு. ஓடுங்க."

வெள்ளைச் சட்டைக்காரர் ஓடினார். அவள் பெட்டியைப் பார்த்தாள். யூ.பி.எஸ்ஸின் உயிரில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யார் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன என்று பொத்தானை அழுத்தினாள்.

சைரன் எழுந்தது. கரையில் வலையிழுத்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். வேலியடிகளில் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். பக்கத்து ஊரான குருக்கள்மடத்திலிருந்து ஒருவர் போன் எடுத்து, இங்கேயும் கேட்குது பிள்ளை என்றார். சுலோஜனாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இனி இந்தக் கரைக்குச் சொல்ல ஆளிருக்கிறது.

ஜெனரேட்டர் மறுபடி உறுமியது. சட்டையெல்லாம் டீசலாக அவர் உள்ளே வந்தார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"கொழும்புச் சேருக்குப் பார்க்கக் குடுத்துவைக்கல்ல, அண்ணன். அவர் வந்தா ஒரு கேபிளத்தான் புடுங்கிப் பார்ப்பார். நாங்க ஊர்க் கரண்டே போய்ப் பார்த்திட்டம்."

"ஓம், இதுக்கு மேல பார்க்க ஒண்டுமில்ல. மற்ற ஊர்ச் சைரனெல்லாத்தையும் இணைக்கலாம்" என்றார் அவர்.

ஜெனரேட்டர்க்காரருக்கு வாய் கொஞ்சம் பெரிசுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நல்ல மனிதர் என்பதால் இன்னொரு வாழைப்பழம் கொடுத்து, மிச்ச டீசலையும் ஊற்றிவிடச் சொன்னாள். அவர் கலனைக் கையிலெடுத்தார்.

அந்நேரம் மடிப்புக் கலையாத சீருடையோடு ஒரு சாரதி வாசலில் வந்து நின்றான்.

"சேர், பரிசோதனை முடிஞ்சா கொழும்புக்கு வெளிக்கிடுவமா? இல்லாட்டி இந்த மிஸ் இன்னும் டீசல் தூக்கச் சொல்றாவா?"