அலைமாஸ்டரின் வெள்ளி வட்டம்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதிக் கூடத்தில் எள் போட இடமில்லை. ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைக்காரர்கள், வெளியூரில் படிக்கும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் அலைமாஸ்டர். பொத்தான் அளவு வெள்ளி வட்டம் ஒன்றை லேப்டாப்பின் முதுகில் ஒட்டி, மூன்று முறை ஊதுவார். அப்புறம் வண்டி குலுங்கினாலும் பை விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாதாம். அடியெல்லாம் அலையாக மாறி அடுத்தவன் பைக்குப் போய்விடுமாம். அந்த அடுத்தவனும் இதே வரிசையில்தான் நிற்கிறான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வரிசையில் நம் வங்கிக்காரரும் இருந்தார். கையில் மனைவியின் லேப்டாப். அவள் கட்டட வரைபடம் போடுபவள். ஓர் ஆஸ்பத்திரிக்காக எட்டு மாதம் கண் எரிய எரிய வரைந்ததை மறுநாள் வெளியூரில் காட்ட வேண்டும். அது அமைந்தால் சொந்தமாக அலுவலகம் போட்டுவிடலாம். அவளுக்குத் தெரியாமல் அதில் வட்டம் ஒட்டிக் கொடுத்து அசத்தப் பார்த்தார் மனுஷர்.

மாஸ்டர் இரண்டு நிபந்தனை சொன்னார். பஞ்சு வைத்த மெத்தைப் பை கூடாது, அலைக்கு மூச்சு முட்டும். வேறெங்கும் நகல் வைக்கக் கூடாது, அது சந்தேகத்தின் அடையாளம். உடைந்த லேப்டாப்போடு திரும்பி வந்தவர்களிடம், "நீங்க எங்கயோ சந்தேகப்பட்டிருக்கீங்க" என்றார். அவர்களும் யோசித்துப் பார்த்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, மறுபடி வரிசையில் போய் நின்றார்கள்.

காசோலையில் கையெழுத்து சற்றே கோணினாலும் திருப்பி அனுப்புகிறவர் நம் வங்கிக்காரர். மாஸ்டரிடம் மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மெத்தைப் பையைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தார். பென்டிரைவில் இருந்த நகல்களைத் துப்புரவாக அழித்தார்.

பெட்டி கட்டும்போது மனைவிக்கு விஷயம் தெரிந்தது. சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. லேப்டாப்பைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள். 'போகிற இடத்தில் மானத்தை வாங்கிவிடுவாளோ' என்பதுதான் வழி நெடுக அவருடைய கவலை.

இந்த லேப்டாப்பைக் கீழே போட்டுப் பார்க்கலாமா என்று மாஸ்டரிடம் கேட்டாள்.

"தாராளமா போடும்மா. முழு நம்பிக்கை இருந்தா ஒண்ணும் ஆகாது."

"எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லைங்க. உங்களுக்கு இருக்குமே" என்றவள், பெயர் பதிய மாஸ்டர் மேசையில் வைத்திருந்த அவருடைய லேப்டாப்பைத் தூக்கினாள். அதன் முதுகிலும் வெள்ளி வட்டம் பளபளத்தது. மேடை விளிம்புக்கு வெளியே அதை நீட்டிப் பிடித்தாள்.

மாஸ்டர் நாற்காலியோடு எழுந்தார். "ஐயோ, வைம்மா கீழ. உடைஞ்சிரும்."

"எப்படி உடையும்? வட்டம் இருக்கே."

"இது... இதுல என் வேலை எல்லாம் இருக்கும்மா."

"எங்களுதுல மட்டும் என்ன இருக்கு?"

மாஸ்டரின் மேசைக்கு அடியில் கைத் தடிமனில் ஒரு மெத்தைப் பை இருந்ததை முன்வரிசைக்காரர் ஒருவர் எடுத்துத் தூக்கிக் காட்டினார். அப்புறம் கூடம் முழுக்க நகத்தால் வட்டம் சுரண்டும் சத்தம்தான். கடைசி வரிசைக்காரர் ஒருவர் மட்டும், போனுக்காவது இது பலிக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வங்கிக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளுடைய எட்டு மாதத்தை மூன்று ஊதலுக்கு அடகு வைத்தது நெஞ்சில் குத்தியது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பல்லைக் காட்டி, பையைத் திரும்ப வாங்கினார். நகலும் எடுத்தார், ஒன்றுக்கு இரண்டாக.

பைக்குள் பஞ்சு இருக்கட்டும், நல்லதுதான். தலைக்குள் இருந்தால்தான் ஊதுகிறவனுக்கு வசதி.