குரங்கு சரிபார்த்த பத்திரம்

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியோடு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, நான்காவது தரம் இழுக்க பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடுகிறவள் நான்.

அப்பாவுக்குப் பேராதனைப் பூங்காவுக்குள் போய்ப் பார்க்க ஆசை. கலஹாவிலிருந்து வந்து பஸ் மாறும்போதெல்லாம் அதன் கேட்டை மட்டும் பார்த்தே வயதாகிவிட்டது. அடுத்த வாரம் இருதய ஒப்பரேஷன்.

"கத்தி வைக்கிறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துருவோம் புள்ள" என்றார்.

சரி என்ற நிமிஷமே எனக்குக் கவலை பிடித்தது. அங்கே வெளிநாட்டுக்காரருக்கு வேறு டிக்கெட். அப்பா பேசும் சிங்களத்தைக் கேட்டு, இந்தியாக்காரர் என்று அந்தப் பக்கம் தள்ளிவிட்டால்? அப்பா பிறந்தது கலஹா தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான். ஆனாலும் இந்த நாட்டுக்காரர் என்று எழுதிய பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வருவதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டது. அலுமாரியிலிருந்து அதை எடுத்தேன். (போட்டோகொப்பி போதுமே என்கிறீர்களா? கொப்பியை நம்பாவிட்டால்? எட்டாம் வகுப்போடு நின்றாலும் இதையெல்லாம் நன்றாக யோசிப்பேன்.) மழையில் நனையாதிருக்க, தேங்காய் ரொட்டி கட்டிய பொலித்தீன் பைக்குள்ளேயே வைத்தேன்.

டிக்கெட் ஜன்னலில் இருந்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டிக்கட் கீயக்த, நங்கி?"

எத்தனை டிக்கெட், தங்கச்சி என்று கேட்ட மனிதரிடம் நான் பத்திரத்தை நீட்டினேன். அவர் ரொட்டி எண்ணெயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு உள்ளூர் டிக்கெட் கிழித்துத் தந்தார்.

முதல் பெஞ்சிலேயே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தோம். பத்திரத்தைத் திரும்ப உள்ளே வைத்தேனா? பையை அவிழ்த்தேன். இருந்தது. மறுபடி அவிழ்த்தேன். மூன்றாவது தடவை அவிழ்த்தபோது ஒரு குரங்கு பையோடு மரமேறிவிட்டது.

நான் போட்ட கூச்சலில் காவலாளி ஓடி வந்தார். அவர் கம்பைத் தட்டத் தட்ட அது இன்னும் மேலே போனது. நிதானமாக ரொட்டியைத் தின்றது. பிறகு பத்திரத்தை விரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"ஐயோ, கிழிக்கப் போகுதுப்பா!"

"சும்மா இரு புள்ள. நாம இந்த ஊரு ஆளுகதானான்னு வாசிச்சுப் பாக்குது."

சொல்லிவிட்டு அப்பா மூச்சிரைக்கச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

பொழுது சாய, ஒரு மூலையைக் கடித்துவிட்டு அது பத்திரத்தைக் கீழே போட்டபோது, பூங்கா மூடும் விசில் கேட்டது. ஓர்கிட் வீடு, பனைமர வரிசை, ஆற்றோரத்து மூங்கில் எதையும் பார்க்கவில்லை.

"அடுத்த தடவ எல்லாத்தையும் பாப்போம்ப்பா."

"பாப்போம். இனிமே கொரங்குக்கும் நம்மளத் தெரியும்ல."

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரர், பூங்கா எப்படி என்று கேட்டார். "முழுசா பாக்கலண்ணே" என்றார் அப்பா. "ஒரே ஒரு மரம். அத அடியிலேர்ந்து நுனி வரைக்கும் பாத்துட்டேன்."

ஒப்பரேஷனுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. மரணத்தைப் பதியப் போனபோதும் அந்தப் பத்திரத்தைக் கொண்டுபோனேன். அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

இப்போதும் நான் வெளியே கிளம்பினால் தம்பி வாசலில் நின்று கேட்பான்: "அக்கா, கொரங்குக்குக் காட்ட பேப்பர் எடுத்துக்கிட்டியா?"

வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே பையைத் தடவிப் பார்ப்பேன். மூலை கடிபட்ட அந்தத் தாள், உள்ளேதான் இருக்கும்.